என் மகன் அனுப்பியது படம், மருந்து இல்லை

அன்புள்ள சேகருக்கு,

வழக்கமாக நான் உனக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரி, இங்கே எல்லாருக்கும் நல்ல சுகம் என்றுதான் இருக்கும். உன் அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தபோதுகூட அப்படித்தான் எழுதினேன். இன்றைக்கு அந்த வரி வரவில்லை. கிள்ளானில் இருக்கும் உன் ராசம்மா அத்தைக்குச் சுகமில்லை. எந்த அளவுக்குச் சுகமில்லை என்பது டாக்டருக்கே இன்னும் தெரியாது. சளியை எடுத்து, அதில் இருக்கும் டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரைக்கு இன்னும் அடங்குமா அடங்காதா என்று அப்போதுதான் தெரியுமாம். அதுவரை எனக்குச் சோறு இறங்கப்போவதில்லை. அத்தை மாத்திரையை நிறுத்தியது உன் மருந்து வரப்போகிறது என்று நம்பி. உன் மருந்து வரப்போகிறது என்று சொன்னது நான்.

இதை உனக்கு மட்டும் தபாலில் போட்டால் போதாதா, எதற்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஊரே பார்க்கப் போடவேண்டும் என்று நீ கேட்பாய். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். காரணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் செந்தூலிலிருந்து ஒரு பெரியவர், எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விசாரித்து விசாரித்து பிரிக்ஃபீல்ட்ஸில் நம் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் நான் அதையே சொன்னேன். சந்தோஷமாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பெயர் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. ஐயா, நீங்கள் இதைப் படித்தால், அல்லது உங்களைத் தெரிந்தவர் யாராவது படித்தால், தயவுசெய்து ஆஸ்பத்திரி மாத்திரையை விடாதீர்கள். விட்டிருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். என் மகன் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாயால் ஊர் முழுக்கச் சொன்னதை உறைக்குள் ஒட்டி லண்டனுக்கு அனுப்பினால், அது செந்தூலுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதனால்தான் பத்திரிகை.

எல்லாம் உன் படம் வந்த நாளில் தொடங்கியது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். ஆனால் அந்தக் காலத்து ஆறாவது இந்தக் காலத்தில் காலேஜுக்கு முன்னால் படிக்கிற ஃபார்ம் சிக்ஸுக்குச் சமம் என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தை மளமளவென்று படித்துவிட்டேன். டிபி கிருமியைச் சுற்றி மெழுகுச் சுவர் ஒன்று இருக்கிறது, அந்த மெழுகைச் செய்துகொடுக்கிற வேலைக்காரப் புரதம் ஒன்று இருக்கிறது, அதற்கு நொதி என்று பெயர், அதைத் தனியாகப் பிரித்துக் கற்கண்டு மாதிரி உறையவைத்து, அதற்குள் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, சிதறி விழுகிற புள்ளிகளைக் கணக்குப் போட்டு அதன் உருவத்தை வரைந்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். நெஞ்சுக்கு எடுக்கிற எக்ஸ்ரே எனக்குத் தெரியும். மணலில் பாதிகூட இல்லாத ஒரு பொடிக்கு எக்ஸ்ரே எடுத்தவன் என் மகன் என்றதும் எனக்குத் தலை கூரையில் இடித்தது. படத்தைப் பிரித்தேன். நீலமும் மஞ்சளுமாகச் சுருண்ட நாடாக்கள், ஜிலேபி பிழிகிறவனுக்குக் கை நடுங்கியது மாதிரி. நடுவில் ஒரு குழி. குழிக்குள் பச்சையும் சிவப்புமாக ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டுதான் மருந்து, அது போய் உட்கார்ந்தால் நொதிக்கு வேலை நின்றுவிடும் என்று எழுதியிருந்தாய். எந்த மருந்து என்று நான் கேட்கவில்லை. என் மகன் எடுத்த படத்தில் இருக்கும் மருந்து வேறு யாருடைய மருந்தாக இருக்கும்?

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உன் அம்மா விளக்கேற்றும்போது அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். அதன் நகல் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முடிவெட்டப் போனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, கலர் முறுக்கா?"

"முறுக்கா? டிபி கிருமியோட குடல்டா! என் மகன் எடுத்த படம்."

"நடுவுல பச்சையா என்னவோ கெடக்கு?"

"மருந்து. உள்ளே போய் மாட்டிக்கிச்சு பாரு. இனிமே கிருமி கதை குளோஸ்."

"அப்போ தம்பி டிபிக்கு மருந்து கண்டுபிடிச்சிடுச்சு லா!"

சேகர், அப்படி இல்லை என்று சொல்ல எனக்கு அரை மூச்சு போதும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பத்திரிகையை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னது ஒரே சொல்: "பின்னே?" அதற்குப் பிறகு கதை தானாக நடந்தது. பங்சாரில் சாப்பாட்டுக் கடைக்குப் போவதற்குள் அது ஒரே மாத்திரை ஆகிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் சிமெண்டு இறக்கும்போது ஒரே மாத்திரை ஒரே நாளில் வேலை செய்தது. மஸ்ஜித் இந்தியாவில் துணி வாங்கும்போது உன்னை அரண்மனையில் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நீ சிரிக்காதே. அம்பாங் மேட்டில் பிரேக் அறுந்த லோரியைக் காலாலேயே நிறுத்தியவன் என்று என்னை இந்த ஊர் முப்பது வருடமாக ரசித்து வந்திருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கதை என்பது டீயோடு கொடுக்கிற பிஸ்கட் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அத்தைக்கு டிபி வந்ததை உனக்கு நாங்கள் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கிள்ளான் பாசாருக்குப் பக்கத்தில் தோசைக்கடை போட்டு ஒண்டியாய்ப் பிழைக்கிறவள்; நோய் வெளியே தெரிந்தால் யார் வந்து சாப்பிடுவார்கள் என்ற பயம். கேட்டவர்களுக்கெல்லாம் நெஞ்சுச்சளி என்று சொல்லிவிட்டுக் கடையை மூடினாள். அதனால்தான் பத்திரிகைக்குப் போகும் இந்தக் கடிதத்தில் பெயர்களையும் அவள் ஊரையும் கடையையும் மாற்றி எழுதியிருக்கிறேன், நீ குழம்பாதே. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். குமட்டல், மூட்டுவலி, சிறுநீர் செம்பருத்திச் சாறு மாதிரி சிவப்பு. ஆனாலும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். இருமல் அடங்கி, முகத்தில் கொஞ்சம் சதை பிடித்ததும் நம் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் நேராக உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"இதா அண்ணே, எம் மருமவன் கண்டுபிடிச்சது?"

"இதேதான். ஒரே மாத்திரை. காலையில போட்டா சாயங்காலம் நீ தோசை சுடலாம்."

"எப்போ வருது?"

"தீபாவளிக்கு வந்துடும் புள்ள. மொத டப்பா ஒனக்குத்தான்னு சேகர் எழுதியிருக்கான்."

உன் அம்மா அடுப்படியிலிருந்து, "இவர் பேச்சைக் கேட்டு ஆடாத ராசம்மா, இவர் லோரியைக் காலால நிறுத்துற ஆளு" என்றாள். அத்தை திரும்பிப் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, ஒரு நோயாளிக்குத் தெம்பு கொடுத்தேன் என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு திருப்தி.

பிறகு புகைமூட்டம் வந்தது. நீ டிவியில் பார்த்திருப்பாய். இந்தோனேசியாவில் காடு எரிய, இங்கே காலை பத்து மணிக்கும் லோரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறோம். சூரியன் பழைய ஐந்து காசு மாதிரி தொங்குகிறது. கோலாலம்பூரில் இருமாத ஆள் இல்லை. அத்தையும் இருமினாள். போனில் கேட்டால், "புகை அண்ணே, எல்லாருந்தான் இருமுறாங்க" என்பாள். நானும் அதை நம்பினேன். போன வாரம் துறைமுகத்துக்குச் சரக்கேற்றப் போகும் வழியில் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு ரவிக்கைக்குள் குத்திக்கொண்டு நின்றது. கையிலிருந்த துணியை என்னைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நான் பிடுங்கினேன். அதில் ரத்தம்.

"மாத்திரை சாப்பிடுறியா இல்லையா?"

"அது எதுக்கு அண்ணே? வயித்தைப் பொரட்டுது. எம் மருமவன் மருந்து வரப்போவுது, அதுக்குள்ள இந்த விஷத்தைத் தின்னு ஒடம்பைக் கெடுத்துக்கணுமா? ஒடம்பு சுத்தமா இருந்தாத்தானே அவன் மருந்து நல்லா ஏறும்?"

கொடுத்த மாத்திரையெல்லாம் மைலோ டின்னில் அப்படியே கிடந்தது. கிளினிக்கில் மருந்து கொடுக்கிற நர்ஸ் மிஸி கேட்கும்போது, சாப்பிட்டுவிட்டேன் என்று தலையாட்டியிருக்கிறாள். டின்னைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் அவள் என்னைத் தேற்றுகிற மாதிரி, "தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே அண்ணே" என்றாள்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். கோலாலம்பூரில் பெருவெள்ளம் வந்தபோது நீ கைக்குழந்தை. தண்ணீர் கூரைவரை ஏறியது, நான் உன்னை வாயில் கவ்விக்கொண்டு நீந்தினேன் என்று உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். தண்ணீர் என் இடுப்புவரைதான் வந்தது. உன்னைத் தூக்கியதும் நான் இல்லை. நான் அன்றைக்கு லோரியோடு சிரம்பானில் மாட்டிக்கொண்டேன். துணி துவைக்கிற அலுமினியத் தொட்டியில் உன்னைப் படுக்கவைத்து, அதைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில்வே மேட்டுக்கு நடந்து வந்தது ராசம்மா. உன் அம்மாவை இன்னொரு கையால் இழுத்துக்கொண்டு வந்ததும் அவள்தான். நான் கதை சொல்லும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, அண்ணன் நீந்துனதைப் பார்க்கணுமே" என்று எடுத்துக்கொடுப்பாள். அவள் நான் சொல்வதை நம்பினாள் என்று ஊர் நினைக்கலாம். அவள் நம்பியது என்னை இல்லை, உன்னை. தொட்டியில் சுமந்த பிள்ளை தனக்கு மருந்து அனுப்புவான் என்று நம்பினாள்.

உனக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு நீ மெதுவாகச் சொன்னாய்: "அப்பா, அந்தப் பச்சையா நடுவுல இருக்கிறது அத்தை சாப்பிடுற மாத்திரைல ஒன்னுதான்ப்பா. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே இருந்த மாத்திரை. நான் புதுசா ஒன்னும் பண்ணல. கிருமிக்குள்ள போய் அது எங்க ஒக்காருதுன்னு பார்த்தேன், அவ்வளவுதான்." முருகனுக்குப் பக்கத்தில் மாட்டிப் பொட்டு வைத்த பொருளைத்தான் அவள் மைலோ டின்னில் போட்டு மூடி வைத்திருந்தாள். இதற்கு அப்புறம் நீ சொன்னதுதான் என்னை இன்னும் ஆட்டுகிறது. மாத்திரையைப் பாதியில் விட்டால், சில கிருமியில் அந்தக் குழியே கொஞ்சம் மாறியிருக்கும், அதுதான் தப்பிப் பெருகும், அப்புறம் மாத்திரை அதில் பிடிக்காமல் போகலாம் என்றாய். எனக்கு கியர்பாக்ஸ் தெரியும். பல்லுக்கு நடுவில் ஒரு கல் மாட்டினால் லோரி நிற்கும். பல்லின் உருவம் மாறிவிட்டால் கல் நழுவி விழும், லோரி ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற அந்த லோரி உன் அத்தை நெஞ்சுக்குள் இருக்கிறதா என்பதுதான் இப்போது கேள்வி.

மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"ஆர் ஐயா உங்கட தங்கச்சிக்குப் புது மருந்து வருது எண்டு சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

"நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?"

"லோரி ஓட்டுறேன்."

எவ்வளவோ பெரிய மனிதர்களிடம் நான் வாயாடி ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கு அவர் சொல்வதை எழுதிக்கொள்ளச் சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். அவர் திட்டவில்லை. "மாத்திரை கேக்காமல் போகும் எண்டு நான் சொல்லேல்லை. போகலாம். வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதுக்குக் காலம் எடுக்கும். அதுவரைக்கும் அவ ஒரு நாளும் விடாமல் விழுங்கோணும். ஆராவது நிண்டு கண்ணால பார்க்கோணும்" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன்.

ஆனால் அத்தை விழுங்கவேண்டுமே! வீட்டுக்கு வந்து அவளை உட்காரவைத்து, சேகர் மருந்து கண்டுபிடிக்கவில்லை, படம்தான் எடுத்தான், நான் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்றேன். என் வாழ்க்கையிலேயே ஒரு விஷயத்தை அளவுக்குமேல் ஒரு சொல்கூடச் சேர்க்காமல் சொன்னது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவள் நம்பவில்லை.

"டாக்டரம்மா ஒன்னை மெரட்டிட்டாங்களா?"

"இல்ல புள்ள, சத்தியமா."

"நீ இவ்வளவு சின்னதாப் பேசி நான் கேட்டதே இல்ல அண்ணே. எதையோ மறைக்கிற. அவனுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

எப்படி இருக்கிறது பார். பெரிதாகச் சொன்னபோது நம்பினாள். உள்ளதைச் சொன்னால் உனக்கு ஆபத்தோ என்று அழுகிறாள். அழுதால் இருமல் வருகிறது, இருமினால் துணி சிவக்கிறது. ஒரு நொடி, நாக்கு நுனியில் புதுக்கதை வந்து நின்றது. சேகர் மருந்து கப்பலில் வந்துவிட்டது, இதோ இதுதான் என்று அதே மாத்திரையை வேறு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடலாம். விழுங்கியிருப்பாள். ஆனால் சாயங்காலம் தோசை சுட முடியாது. மறுநாள் குமட்டும். ஒரே மாத்திரைதானே என்று மறுபடியும் நிறுத்துவாள். அந்தப் பயத்தில் கதையை விழுங்கிவிட்டுப் படத்தின் நகலை எடுத்து அவள் மடியில் வைத்தேன். மைலோ டின்னிலிருந்து வெள்ளை மாத்திரையை எடுத்து அந்தப் பச்சைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அதுதான் இது. ரெண்டும் ஒன்னு."

"இந்த ஓட்டை மாத்திரைக்கா எம் மருமவன் அவ்வளவு தூரம் போனான்?"

"இதுக்குத்தான்."

அவள் மாத்திரையை எடுத்துப் படத்தில் அந்தக் குழியின்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள், அதை நீ அங்கே உன் பேராசிரியரிடம்கூடச் சொல்லலாம். "அப்போ இது உள்ள போய் அந்தக் கிருமியைப் புடிக்கிறதை அவன் கண்ணால பார்த்தானா?" கண்ணால் இல்லை, எக்ஸ்ரே, கணக்கு என்று உன் கடிதம் முழுக்க எனக்கு ஞாபகம் வந்தது. "பார்த்தான்" என்றேன். இது கூட்டிச் சொன்னதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, நீதான் சொல்லவேண்டும். அவள் தண்ணீர் கேட்டாள்.

அப்பா என்கிற முறையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். நீ நாளைக்கு நிஜமாகவே பெரிய ஆள் ஆவாய், என்னைப்போன்றவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். உன் வேலை என்ன என்று சொல்வதற்கு முன்னால் அது என்ன இல்லை என்று சொல்லிவிடு. கேட்கிறவன் முகம் சட்டென்று பிரகாசமாகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி, எதற்காகச் சந்தோஷப்படுகிறான் என்று விசாரி. அவன் வீட்டில் யாராவது படுத்திருப்பார்கள். எனக்கு அனுப்பும் படத்தில் அம்புக்குறி போட்டு, தமிழில் எழுதி அனுப்பு. உன் அப்பனுக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் நினைத்துவிடாதே. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உன் அம்மாவைக் கேள். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள், முதல் தடவையாகக் குறுக்கே பேசாமல்.

தினமும் காலையில் துறைமுகத்துக்குப் போகும் முன் கிள்ளானில் அத்தை வீட்டு வாசலில் லோரியை நிறுத்துகிறேன். மூக்கைத் துணிக்கவசத்தால் மூடிக்கொண்டு உள்ளே போகிறேன். புகைமூட்டத்துக்கு என்று தெரு நினைத்துக்கொள்கிறது. அதுவும் அவளுக்கு நல்லதாகப் போயிற்று. இன்றைக்கும் போனேன். ஒவ்வொன்றாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"வாயைத் தொற."

"ஆ."

"நாக்கைத் தூக்கு."

"போலீஸ்காரன் மாதிரி பார்க்காத லா. போயிடுச்சு."

போய்விட்டது. தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். என் கண் அதுவரைதான் போகும். அதற்குக் கீழே, குழி மாறாத கிருமி எவ்வளவு, மாறியது எவ்வளவு, கல் மாட்டுகிறதா நழுவுகிறதா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி முடிவு வந்ததும் தாளில் உள்ளதை அப்படியே உனக்குப் போனில் படிக்கிறேன். என்ன அர்த்தமோ அதைச் சொல். நான் தாங்கமாட்டேன் என்று குறைத்துச் சொல்லாதே. அத்தை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள். "என்ன அண்ணே, இன்னும் நிக்கிற? லோடு ஏத்தப் போவலியா?" என்றாள். அவளுக்குச் சொல்ல ஏதாவது ஒன்று, வழக்கம்போல் பெரிதாக, கிடைக்குமா என்று பார்த்தேன். "நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா